எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு

மூலைக்கு மூலை பிரவுசிங் சென்டர் மொளச்ச காலம். ராயபுரத்துல மாதா கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி நானும் ஒண்ணு வச்சிருந்தேன். தெருவுல முக்காவாசிப் பேருக்கு ஈமெயில் ஐடி போட்டுக் குடுத்தது நான்தான். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு: மாதா, பக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணு. தனித்தனியா வச்சா மறந்துட்டு வந்து என் உயிர எடுப்பாங்க. "ஒருத்தர் மெயில இன்னொருத்தர் தொறந்துட மாட்டாங்களாண்ணா?"ன்னு ஒரு காலேஜ் பொண்ணு கேட்டுச்சி. "நம்ம தெருவுல அப்டி யாரும்மா கீறான்?"னு சிரிச்சேன். அந்தச் சிரிப்ப நெனச்சா என்னையே செருப்பால அடிச்சிக்கலாம் போல கீது.

எதிர்வூட்டு அக்கா புருசனுக்கு கப்பல்ல வேல. அவரு ஐடிக்கும் அதே பாஸ்வேர்டுதான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அக்கா நேரா கடைக்கு வந்துடும். அவரு தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிப்பாரு. அக்காவுக்குப் படிக்க வராது, நான்தான் படிச்சிக் காட்டணும். எப்பவும் "இன்னாமே, துன்னியா?"ன்னுதான் ஆரம்பிப்பாரு. அக்கா வெக்கப்பட்டுகினு முந்தானையால வாய மூடிக்கும்.

ஒரு மழக்காலத்துல கம்பெனியிலர்ந்து தகவல் வந்துச்சி. ஆளு கடல்ல வுழுந்துட்டாரு, ஒடம்பு கெடைக்கல. அவரு ஆத்துமாவுக்குப் பூசை வைக்க நாள் குறிச்சாங்க. அந்த ஞாயித்துக்கெழமயும் அக்கா பழக்கத்துல வந்து உக்காந்துச்சி. அக்கா மெயில தொறந்தேன். புதுசா ஒரு மெயில் இருந்துச்சி, அவரு ஐடியிலர்ந்து. 'அன்புள்ள மனைவிக்கு, நான் நலம். வந்துவிடுவேன்.' வாய் வுட்டுப் படிச்சப்பறம்தான் எனக்கே ஒறச்சிது. அக்கா கோயிலுக்கு ஓடிப்போய் குறிச்சிருந்த பூசைய நிறுத்திடுச்சி.

அவரு எந்த ஜென்மத்துல 'அன்புள்ள'ன்னு எழுதுனாரு? மெயில் வந்தது பட்டப்பகல்ல, என் கடை தொறந்திருந்த நேரம். எவனோ பாவம் பாத்து எழுதுனானா, வெளையாட்டுக்கா, இன்னிக்கும் தெரியாது. கடைக்குள்ள வர்ற ஒவ்வொரு மூஞ்சியையும் உத்து உத்துப் பாத்தேன். எல்லாம் எங்க தெரு மூஞ்சிதான். மெயிலு வாராவாரம் வந்துகினே இருந்துச்சி.

பொறுக்கமாட்டாம அவரு பாஸ்வேர்ட மாத்திட்டேன். மெயிலு நின்னுச்சி. அக்காகிட்ட உண்மைய ஒடச்சேன். "அது மாமா இல்லக்கா. பாரு, மாத்துனதும் நின்னுடுச்சி."

அக்கா என்னத் திட்டல. "பூட்ட மாத்திட்டியா நைனா? அவரு பழசயே போட்டுப் போட்டுப் பாத்துகினு இருப்பாரே"ன்னுச்சி. அதுக்கப்பறம் அந்த வூட்ல மூணு நாளு அடுப்பு எரியல.

பழய பாஸ்வேர்டையே திருப்பி வச்சேன். அதோட வுட்டிருக்கலாம். அடுத்த ஞாயித்துக்கெழம அக்காவுக்கு ஒரு மெயிலு படிச்சிக் காட்டுனேன். 'இன்னாமே, துன்னியா?' எழுதுனது நான்தான்.

அக்கா முந்தானையால வாய மூடிகினு அழுதுச்சி. "முந்தி வந்ததுங்க மேல எனக்கே டவுட்டுதான்டா. இது அவருதான்"னுச்சி.

கடைய மூடி எத்தினியோ வருசமாச்சி. அவரு ஆத்துமாவுக்கு இன்னி வரைக்கும் பூசை வைக்கல.