இன்னும் முளைக்காத கொத்தமல்லி

டின்பால் டப்பாவின் அடியில் ஆணியால் ஐந்து ஓட்டை. உள்ளே மண்ணும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் எனக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்த அக்கா விதை போட்ட டப்பாக்கள் எங்கள் வாசற்படியில் வரிசையாக இருக்கும். கொத்தமல்லியைச் செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு நாள் ஊறவைத்துத்தான் விதைப்பார். பண்டாரவளைக் குளிருக்கு அது முளைக்கவே இரண்டு வாரமாகும். அவருடைய கைராசிக்கு லயத்தில் நல்ல பேர். என் கை பட்டால் எதுவும் முளைக்காது என்பதும் லயத்துக்கே தெரியும்.

என் கணவர் இறந்து, மகளும் வெளிநாட்டு வேலைக்குப் போனபின், பிள்ளைக் காம்பராவில் கொழுந்து பறிக்கப் போவோரின் குழந்தைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் எனக்குப் பேச்சுத்துணை அவர் ஒருவர்தான். அவரையும் அவர் மகன் தன்னோடு இருக்கக் கொழும்புக்கு அழைத்தான். "கொத்தமல்லி முளைக்கட்டும்ப்பா. தங்கச்சிக்கு ஒரு பாத்தி போட்டுக் குடுத்துட்டு வாரேன்" என்று அவர் போனில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பச்சை தெரிந்த காலையில் அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். ஒன்று விடாமல் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். "நத்தை தின்னுருச்சு போல" என்றார். "இருக்கும்க்கா" என்றேன். டப்பாவைச் சுற்றிச் சாம்பல் தூவி மறுபடி விதைத்தார். இரண்டாம் தடவையும் அந்த நத்தை நான்தான். தனியாக இருப்பவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அதற்காக நாற்றைத் திருடியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் முறை விதைத்த அன்று என்னைப் படியில் உட்காரவைத்தார். "இந்தத் தடவை பிடுங்காத, தங்கச்சி. மகன் என்னைக் கூட்டிட்டுப் போக ரெண்டு தரம் லீவு போட்டு வந்து சும்மா போயிட்டான்." குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க போனா நான் யாருகிட்டக்கா பேசுவேன்?" என்று கேட்டே விட்டேன். அவர் டப்பாவில் தண்ணீர் தெளித்தார். அந்த முறை முளைத்தது. சொன்னபடி பாத்தி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது நானே விதைக்கிறேன். பக்கத்துக் காம்பராவில் பூட்டு தொங்குகிறது. சாயந்திரமானால் அக்கா கொழும்பிலிருந்து போனில் கோல் எடுக்கிறார். "கொத்தமல்லி முளைச்சிருச்சா?"

டப்பா நிறையப் பச்சையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் இல்லக்கா" என்கிறேன்.

"சரி, நாளைக்கும் கேக்குறேன்" என்கிறார்.