இரத்தம் கொடுத்த கார்த்திகை

1975, கார்த்திகை மாதம். ஆம்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் நானும் அண்ணியும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன் ஆடியில் இறந்திருந்தான். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவன். நாற்பது வயதுக்குள் மூச்சிரைத்து, கடைசியில் வயிறு வீங்கிப் போனான். மூச்சிரைப்புக்குத் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியைக் காரணம் சொன்ன ஊர், ஈரல் கெட்டதற்குத் திருட்டுச் சாராயத்தைச் சொன்னது. அவன் அதைத் தொட்டதே இல்லை.

நுரையீரலையும் ஈரலையும் சேர்த்துக் கெடுக்கும் ஒரு பரம்பரை நோய் உண்டு, இரத்தத்தில் ஒரு புரதம் குறைவாக இருக்கும், தம்பியும் சோதித்துக்கொள்ளட்டும் என்று அண்ணனைப் பார்த்த வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். நூலகத்து வைத்திய நூல்களிலெல்லாம் தேடினேன். எதிலும் இல்லை. அதுவே பயத்தைக் கூட்டியது.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லைங்க."

தினமும் மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாங்கியது மூச்சா, பயமா என்று தெரியவில்லை.

ஊசி போடச் சட்டைக் கையை மடித்ததும் டாக்டர் முன்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன தழும்பு?"

"கைக்கொழந்தையில காமாலையாம். சூடு போட்டாங்க."

"அண்ணனுக்கு?"

"அவருக்கும் கைக்கொழந்தையிலயே போட்டிருக்காங்க, சார்" என்றாள் அண்ணி. "எங்க பக்கம் பாதிப் பேருக்கு இருக்கும்."

"கூடப் பிறந்த வேற யாருக்காவது?"

"ஒரு அக்கா இருக்காங்க. அவங்களுக்கு இல்லைங்க" என்றேன். "ரெண்டு பேருக்கும் கைக்குழந்தையிலேயே காமாலை" என்று அவர் குறித்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணி சொன்னாள்: "உங்களுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது தம்பி. ஆனா இருந்துச்சுன்னா, அவரு குடிக்கலன்னு ஆவும். இன்னா வேண்டிக்கிறதுன்னே தெரியல."

"ரெண்டுத்துக்கும் ஒரு தேங்காய ஒடச்சிடுங்க, அண்ணி."

அவள் சிரிக்கவில்லை.

மறுவாரம் போனபோது டாக்டர் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார். "அந்தப் புரதம் ரொம்பக் கம்மியாத்தான் இருக்கு. அண்ணனுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். உங்க நுரையீரல் இப்ப நல்லா இருக்கு. பீடி, சிகரெட் வேண்டாம். தூசியில நிக்காதீங்க. பிள்ளைங்க எத்தனை?"

"ரெண்டு."

"அழைச்சிட்டு வாங்க."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவரு குடிகாரர் இல்லன்னு எங்க மாமியார்கிட்ட நீங்களே சொல்வீங்களா, சார்?" என்று கேட்டாள். டாக்டர் என்ன பதில் சொன்னார் என்பது என் காதில் விழவில்லை. என் மூத்த மகனுக்கு அந்த இருமல் புரட்டாசியில் தொடங்கியதா, ஐப்பசியிலா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.