வெள்ளிக்கிழமை சாயங்காலம்

எங்கள் நகராட்சிப் பதிவேட்டுப் பிரிவில் அக்கா என்றால் அவர் ஒருவர்தான். போரில் இறந்தவர்களின் பட்டியலை முப்பத்தோரு வருடமாக அவர்தான் பார்த்துவந்தார். அழுதுகொண்டு வருபவர்களின் பெயரைக்கூட அத்தாட்சி இல்லாமல் சேர்க்கமாட்டார். கல்நெஞ்சக்காரி என்று முதுகுக்குப் பின்னால் திட்டியவர்களில் நானும் உண்டு.

போர் எப்போது முடிந்தது என்பதில் ஆற்றின் இரண்டு கரைக்கும் இன்றுவரை ஒத்துவரவில்லை. எங்களுக்கு அது வெள்ளிக்கிழமை மதியம். வருடாவருடம் சங்கு ஊதிக் கைதட்டுவோம். அக்கரை நாட்டின் படைக்கு உத்தரவு வந்தது சனிக்கிழமை காலை. அவர்கள் அந்த நாளில் வாய் திறக்காமல் நின்றுவிட்டுக் கலைவார்கள். நடுவில் ஒரு சாயங்காலமும் ஓர் இரவும். அதில் செத்தவர்களை எங்கள் பட்டியல் சேர்க்காது. எழவெடுத்த விதி, ஆனாலும் விதி.

போன வருடம் இரண்டு அரசுகளும் பட்டியல்களை ஒத்துப்பார்க்க முடிவுசெய்தன. அக்கரை ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகல் வந்தது. புரட்டிக்கொண்டிருந்த அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவருடைய அண்ணன் பெயர். பதினாறு வயது, பாலத்தில் குண்டடி, வெள்ளி மாலை ஆறரை. எங்கள் பட்டியலிலோ வியாழன். அவர் அம்மா எழுதிக்கொடுத்த தேதி. அப்போது அக்காவுக்கு நான்கு வயது, அவருக்கு என்ன தெரியும்?

"பேசாம அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்," என்றார்.

பெயரை நீக்கக் குடும்பத்தார் கையெழுத்தும் அலுவலகச் சாட்சி ஒருவரும் வேண்டும். சாட்சியாக நான் போய்த் தொலைந்தேன். தொண்ணூறை நெருங்கிய அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா சுற்றிவளைத்து ஏதோ சொல்லத் தொடங்கினார். தாளைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமைதான்," என்றார். "வீடு அக்கரையில, அப்ப அதுவும் நம்ம நாடுதான். நாங்க ஓடிவந்து இங்க பள்ளிக்கூடத்துல தங்கியிருந்தோம். சண்டை முடிஞ்சுதுன்னு ரேடியோல சொன்னான். எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுதோம். நான்தான் அவனை, போய் தையல் மெஷின் இருக்கான்னு பாத்துட்டு வாடான்னு சொன்னேன். நாளைக்குப் போறேன்மான்னான். சோம்பேறின்னு திட்டி அனுப்பினேன்."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்கிட்டகூட ஏம்மா சொல்லல?"

"சண்டையில செத்தான்னா ஊரு அழும். முடிஞ்சப்புறம் செத்தான்னா, யாரு அனுப்பினதுன்னு கேக்கும்ல?"

அம்மா ஒப்பமிட்டார். அதன் கீழே நானும் போட்டேன். அவ்வளவு கேவலமான வேலையை நான் செய்ததே இல்லை.

அக்கரைக்கும் எழுதிப்பார்த்தோம். தங்கள் குடிமக்களை மட்டுமே சேர்ப்பதாக மரியாதையாகப் பதில் வந்தது.

ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த அம்மா, இந்த வருடம் விழாவுக்கு வந்தார். அக்காதான் பெயர்களை வாசித்தார். அண்ணன் பெயர் இருந்த இடத்தை நிறுத்தாமல் கடந்துபோனார். சங்கு ஊதியது. கூட்டம் கைதட்டியது.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, அன்னிக்கு ரேடியோல சொன்னது பொய் இல்லையே? நான் அனுப்பினப்ப சண்டை நெஜமாவே முடிஞ்சிருந்துச்சுதானே?"

"முடிஞ்சிருந்துச்சும்மா," என்றேன்.