வரிசை ஒன்றா, இரண்டா

வெர்னா தராசியுக்கை ஏமாற்றியாவது சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்தவன் நான்தான்.

கனடாவின் சாஸ்கட்டூனில் எங்கள் ஒளியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் லேசரைக் கவனித்துக்கொண்டவள் அவள். நான் கணினிக்காரன். ஏரிப் பாசி ஒன்றின் கண்ணாடி ஓடு, தூசியைவிடச் சிறியது, அதன்மேல்தான் அவளுக்கு உயிர். அதன் நடுவே ஓடும் கோடு ஒரே பிளவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். இவள் மட்டும் இரண்டு வரிசைத் துளைகள் என்றாள். கருத்தரங்கில் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் வந்து அழுதாள்.

எங்கள் முறையில் படம்பிடிக்க லென்ஸ் கிடையாது. ஓட்டில் பட்டுச் சிதறும் லேசரைக் கேமரா பிடிக்கும். வெளிச்சம் எவ்வளவு என்று கேமராவுக்குத் தெரியும், ஒளியலை ஏறும் நிலையில் வந்து சேர்ந்ததா, இறங்கும் நிலையிலா என்று தெரியாது. தொலைந்துபோன அந்தப் பாதியை என் நிரல் ஏதோ ஓர் ஊகத்தில் தொடங்கித் திருத்தித் திருத்தித் தேடும். ஊகம் என்பதால், நாற்பது விதமாகத் தொடங்கியும் ஏறக்குறைய எல்லாம் ஒரே படமாக வந்தால்தான் நம்புவோம்.

அந்த இலையுதிர் காலத்தில் வெர்னாவின் பார்வை நடுவிலிருந்து அழியத் தொடங்கியது. ஓரப்பார்வை மட்டும் மிஞ்சும், அதில் நுணுக்கம் எதுவும் தெரியாது என்றார் மருத்துவர். எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பதில் ஒரு படத்தில் மட்டும் அழகாக இரண்டு வரிசை விழுந்திருந்தது. அதைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"நாப்பதுல எத்தனை?"

"முதல்ல பாரேன்."

"எத்தனைன்னு கேட்டேன், லோர்ன்."

"ஒண்ணு."

"அப்ப இது உன் கம்ப்யூட்டரோட ஆசை. கண்ணு போறவளுக்கு மிட்டாய் குடுத்து சமாதானப்படுத்துறியா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளோ தலையைச் சாய்த்து, பக்கத்துத் திரையில் இருந்த சிதறலைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் அப்படித்தான் பார்க்க முடிந்தது. நாங்களெல்லாம் நடுவில் ஜொலிப்பதையே பார்த்துப் பழகியவர்கள்.

"ஓரத்துல வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா மங்கி மறையல. வெட்டுன மாதிரி நிக்குது. என்ன பண்ணி வச்சிருக்க?"

"நான் ஒண்ணும் பண்ணல" என்று எரிந்து விழுந்துவிட்டு நிரலைத் திறந்தேன். மங்கலான வெளிச்சத்தையெல்லாம் இரைச்சல் என்று பூஜ்யமாக்கும் வரி ஒன்று இருந்தது. மூன்று வருடம் முன்பு நானே எழுதியது. நுணுக்கமெல்லாம் அந்த ஓரத்து மங்கலில்தான் வந்து சேரும். அவளுடைய துளைகளை இத்தனை நாளும் குப்பையில் கொட்டியவன் நான்.

ஜனவரியில், அந்த வரியை அழித்துவிட்டு, மங்கல் நன்றாகப் பதியும்படி கேமராவை நெடுநேரம் திறந்துவைத்து, மறுபடி எடுத்தோம். அதிர்வு கூடாதென்று ஹீட்டர் விசிறியை நிறுத்திவிட்டு, வெளியே மைனஸ் முப்பத்தைந்து டிகிரி குளிர் அடிக்க, கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம். கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். நாற்பதுக்கு முப்பத்தெட்டு ஒரே படமாக வந்தது.

அதற்குள் அவளுக்குத் திரை வெறும் சாம்பல் பூச்சாகிவிட்டது. நான் படத்தை அச்சிட்டு, துளை தெரிந்த இடத்திலெல்லாம் குண்டூசியால் குத்தி, தாளைத் திருப்பி அவள் விரலடியில் வைத்தேன்.

விரல் மெதுவாக நகர்ந்தது. நின்றது. பக்கத்தில் தாவி, திரும்பி வந்தது.

"ரெண்டு வரிசை" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக நீயா எதுவும் சேர்த்துக் குத்தலையே?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்ல வெர்னா."

தாளை மடியில் வைத்துக்கொண்டு, முதல் துளையிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாள்.