அக்கா பேசிய ஜப்பான் படங்கள்

போன வாரம் தேரா கடைத்தெருவில், பழைய சாமான் கடையொன்றில் வீடியோ கேசட் உறையைத் திறந்தபோது வந்த பிளாஸ்டிக் வாசனை, சிறுவயதில் நாங்கள் இருந்த வளைகுடா ஊரான ஃபர்வானியாவில் எங்கள் கட்டிடத்துக்குக் கீழே இருந்த, இப்போது இல்லாமல் போன கேசட் கடையினுடையது. தியேட்டருக்கே வராமல் கேசட்டாக மட்டும் வெளிவந்த ஜப்பான் கார்ட்டூன்கள் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். நர்ஸான அம்மா டூட்டிக்குப் போன மாலைகளில், ஏசி இரைச்சலுக்கு நடுவே, பாஷை புரியாத அந்தப் படங்களுக்கு அக்கா நாகர்கோவில் தமிழில் வசனம் பேசுவாள்; விண்வெளி வீரன் எதிரியைப் பார்த்து, "லேய், மரியாதைக்கு எறங்குல" என்பான்.

ப்ளஸ் ஒன் படிக்க அக்காவை ஊர் ஹாஸ்டலுக்கு அனுப்பினார்கள். பிறகு நான் அந்தப் படங்களைச் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அம்மா யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவன் என்ன சொல்லுகான் மக்களே?"

"தெரியாதும்மா. அக்காவுக்குத்தான் தெரியும்."

அம்மா சற்று நேரம் திரையையே பார்த்தாள். பிறகு, அடிபட்டுக் கிடந்த எதிரியிடம் வீரன் குனிந்தபோது, தயங்கித் தயங்கி அவனுக்காகப் பேசினாள்: "ரொம்ப நோவுதா? கொஞ்சம் பொறுத்துக்கோ."

அக்கா பேசியது போல அது இல்லவே இல்லை. ஆனால் படம் முடியும்வரை அம்மாவைப் பேசவிட்டேன்.