மூணாவது மேரியின் மகள்

வெள்ளத்தில் நனைந்த சித்தியின் அகராதியில் அ முதல் ஔ வரையிலான பக்கங்கள் மட்டுமே பிழைத்தன. அதற்குப் பின்னால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்போல் ஆகிவிட்டது. பள்ளியில் படித்தபோது அவள் பேச்சுப் போட்டியில் ஜெயித்து வாங்கிய புத்தகம். தண்ணீர் ஏறியபோது எல்லாரையும் போல அவளும் அதைக் கட்டில்மேல் வைத்தாள். கட்டிலும் மூழ்கும் என்று எங்கள் தெருவில் யாரும் நினைக்கவில்லை.

எங்கள் தெரு ஒரகடத்துக்குப் பக்கத்தில். சித்தி செல்போன் கம்பெனியில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தாள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. ஷிஃப்ட் பஸ் அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போனபோது அவள் உள்ளே உட்கார்ந்து, தோசைத் திருப்பியால் அகராதியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பள்ளி விடுமுறை. நாலாம் வகுப்பு. பிரித்த பக்கங்களைக் கொடியில் போட்டு கிளிப் மாட்டுவது என் வேலை.

காயும் வரை படிப்போம். ஆலி என்றால் மழைத்துளி. ஊதை என்றால் குளிர்காற்று. ஒருநாள் தெருவில் தண்ணீர் முழுக்க வடிந்து, படிந்திருந்த மணலில் நெளிநெளியாக வரிகள் தெரிந்தன. சித்தி என்னை வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"இதுக்குக்கூட பேரு கீதுடி. அறல். தண்ணி அறுத்துக்கினு போனதால அறல்."

அந்த வார்த்தையை நான் பள்ளியில் சொல்லிப் பார்த்தேன். யாரும் மதிக்கவில்லை.

குழந்தை பங்குனி வெயிலில் பிறந்தது. பெண். பெயர் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, சித்தியைத் தவிர. முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர் என்பது அந்த வீட்டு வழக்கம். அவர் உயிரோடு இல்லை, பெயர் மேரி. அதை எடுத்துச் சொல்ல வந்தவர் சித்தப்பாவின் அண்ணன். எங்களுக்குப் பெரியப்பா. மாதா கோவில் கமிட்டியில் இருந்தவர், குரலைக் குறைத்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

"ஃபாதர்கிட்ட மேரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.

"வேணாம் மாமா. எழிலின்னு வெக்கப் போறேன்."

"இன்னாது?"

"எழிலி. மேகம். கடல்லேந்து எழுந்து வர்றதால எழிலி."

பெரியப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"மேகம் வூட்டுக்குள்ள பூந்துட்டுப் போயி ஆறு மாசம் ஆவல. அத போயி கொழந்தைக்கி வெக்கிறியா? அடுத்த கொழந்தைக்கி இன்னா, புயலா?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

சித்தி சிரிக்கவில்லை. "கம்பெனில எங்க லைன்ல நாலு மேரி, மாமா. சூப்பர்வைசரு நம்பர் போட்டுட்டாரு. நான் மூணாவது மேரி. மூணாவது மேரி, ரிஜெக்ட் ஜாஸ்தி. மூணாவது மேரி, ஓவர்டைம் கீது, வூட்டுக்குப் போவாத. இத்தினி வருசமா அதான் என் பேரு. எம்பொண்ணு அஞ்சாவது மேரியா ஆவ மாட்டா."

"அதுக்கு மாதா பேரு இன்னா பண்ணுச்சி?"

"மாதா மேல எனக்கு இன்னா கோவம்? நம்பர் மேலதான் கோவம்."

பெரியப்பா டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். மேரி என்றே முடிவாகிவிட்டது என்று சித்தப்பா அன்று மாலை அம்மாவிடம் சொன்னார். சித்தி அதை மறுக்கவில்லை. அதனால் அவள் ஒத்துக்கொண்டாள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

ஞானஸ்நானத்தன்று கோவிலில் கூட்டம் அதிகம். ஞானத்தாய் என் அம்மா. குழந்தை அவள் கையில் இருந்தது. பெரியப்பா முதல் வரிசையில் புது வேட்டியில் நின்றார்.

"இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள்?" என்று ஃபாதர் கேட்டார்.

பதில் சொல்ல வேண்டியவர் சித்தப்பா. அவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார்.

"எழிலி" என்றாள் சித்தி.

ஃபாதர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மேரின்னு இல்ல சொன்னாங்க?"

"நான் சொல்லல ஃபாதர்."

"இந்தப் பேர்ல புனிதர் யாரும் இல்லையேம்மா."

"இல்லதான். வேகன்சி கீது ஃபாதர்."

பின்வரிசையில் கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, இருமலாக மாறியது. ஃபாதர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைத்தாரா, யோசித்தாரா என்பதை என் உயரத்திலிருந்து பார்க்க முடியவில்லை. நிமிர்ந்தபோது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எழிலி என்று அழைத்து மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். குழந்தை கத்தியது.

வெளியே பந்தலில் பிரியாணி. பெரியப்பா சாப்பிடவில்லை, போகவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வெச்சிட்ட, சரி. நாளைக்கி இதுவும் கம்பெனிக்குத்தான் போவப் போவுது. இந்தப் பேரு எந்த சூப்பர்வைசரு வாயில நுழையும்?"

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்ற சித்தி திரும்பினாள்.

"எவன் வாயில நுழையலியோ, அவன்கிட்ட எம்பொண்ணு வேலைக்கிப் போவ மாட்டா."

கம்பெனிப் பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி விசிலடித்தாள். பெரியப்பாகூட உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். நானும் கை தட்டினேன். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. பந்தலுக்கு அப்பால் இரண்டாவது ஷிஃப்டுக்கான பஸ்கள் வரிசையாக ஒரகடம் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் வேறொரு ஒப்பந்தக்காரர் மூலம் அதே லைனுக்கு, அதே சூப்பர்வைசரிடம் திரும்பிப் போவதாக அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

பேர் வைத்தாகிவிட்டது, ஜெயித்தாகிவிட்டது, இன்னும் யாரிடம் சண்டை போடுவதற்கு இப்படி முறைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நான் போய் இன்னொரு தட்டு பிரியாணி வாங்கிக்கொண்டேன்.