புது லேப்டாப்பில் ஒரு சேவல்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லச் சொல்லப் போன் எழுதுகிறது.

மருமகளின் பழைய லேப்டாப்பில் ஒரு பட்டன்மேல் பட்டாசு லேபிளிலிருந்து வெட்டிய சேவலை ஒட்டியிருந்தேன். அதை அமுக்கினால் சீரியல் திரை முழுக்க விரியும். கண் ஆபரேஷன் ஆன என் வீட்டுக்காரிக்கு அப்போதுதான் முகங்கள் தெரியும்.

டீச்சர் மருமகள் புது லேப்டாப் வாங்கியிருக்கிறாள். இன்று அவளைக் கேட்காமலே, ஞாபகத்தில் இடம் எண்ணி, அதிலும் ஒரு சேவலை ஒட்டி அமுக்கினேன். படம் விரியவில்லை.

"உங்க சேவலு கூவலையே!" என்றாள் வீட்டுக்காரி.

அந்நேரம் மருமகள் வந்துவிட்டாள்.

"கேக்காம ஒட்டிப்புட்டேன் தாயி."

குனிந்து பார்த்தவள், சேவலை நகத்தால் உரித்துப் பக்கத்துப் பட்டனில் ஒட்டினாள்.

"இங்கன இருக்கணும் மாமா. அத்தயப் பாக்கச் சொல்லுங்க."

நாளை சேவலோடுதான் பள்ளிக்கூடம் போவாள். பிள்ளைகள் கேட்டால், சிவகாசியில் செய்த லேப்டாப் என்று சொல்லிவிடச் சொல்லலாமா?